தேயிலையோடு ஏற்றக்கூடாதவை

மே மாதம், செவ்வாய்க்கிழமை, காலை 11.40. டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையச் சுங்க மேசையில் என் பெட்டி திறந்து கிடந்தது. கையுறை போட்ட இளம் அதிகாரி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இது என்ன?”

“தேயிலை.”

“இது?”

“கறித்தூள். என் தங்கைக்கு.”

அவர் ஒருமுறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். “எங்கள் மேல்மாடிக்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதே வாசனைதான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். “சுங்க அதிகாரி நல்ல மனிதர்” என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

நான் இலங்கை மலைநாட்டுப் புகையிரத நிலையம் ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் வசிக்கிறேன். நேரம் குறிப்பது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். தங்கை பவானி டென்மார்க்கில், வைலே நகரத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இந்த வருடம்தான் நின்றாள். கணவர் இல்லை. ஒரே மகள் ஆரணி அதே ஊரில் தனியாக வசிக்கிறாள், ஒரு அலுவலகத்தில் பொறியியலாளர். நான் போனது ஆரணியின் காரியமாகத்தான்.

டென்மார்க்கின் பெரிய உணவகங்களில் வைன் குடிக்காதவர்களுக்கு வெறும் தண்ணீர் வைப்பதில்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமாகப் பழச்சாறோ குளிர்ந்த தேநீரோ வைன் கிண்ணத்திலேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஆரணி இரண்டு வருடமாகச் சனி ஞாயிறுகளில் இப்படியான தேநீர்களைத் தயாரித்துப் பழகுகிறாள். ஓர்ஹூஸ் நகரத்து உணவகம் ஒன்று அவளுடைய தேநீரைச் சுவைத்துப் பார்க்க வியாழக்கிழமை இரண்டு மணி என்று நேரம் கொடுத்திருந்தது. அவர்கள் கோடைக்கால உணவுப் பட்டியலில் சேர்த்தால், அலுவலகத்தை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்வது என்று அவள் தீர்மானித்திருந்தாள். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த தேயிலையின் பெயர் பாவ்சோங்.

ஊலாங் என்னும் தேயிலை வகைகளில் மிக லேசானது அது. நறுக்கி வைத்த ஆப்பிள் காற்றுப்பட்டுப் பழுப்பாகிறதல்லவா, தேயிலையும் அப்படித்தான். முழுக்கப் பழுப்பானால் நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலை. பழுப்பாகவே விடாவிட்டால் பச்சைத் தேயிலை. பாவ்சோங் பச்சைக்கு அடுத்த வாசலில் நிற்கிறது. என் மகன் தாய்வானில் தைபே நகரத்தில் வேலை செய்கிறான். ஏப்ரலில் அவனிடம் போயிருந்தபோது பக்கத்து மலையூரான பிங்லினில் அது செய்யப்படுவதைப் பார்த்தேன். கொழுந்தை வெயிலில் சற்று வாட்டி, பிறகு வீட்டுக்குள் மூங்கில் தட்டங்களில் பரப்பி, மணிக்கணக்காக இடையிடையே இரண்டு கையாலும் மெல்லக் கிளறுகிறார்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல அவ்வளவு பக்குவம். இலையின் ஓரம் மட்டும் நசுங்க வேண்டும், நடு பச்சையாகவே இருக்க வேண்டும். பூ வாசனை வந்ததும் சூட்டில் வறட்டி நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரம் கொழுந்தை அரைக்கிற வேகத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு அது வேறு உலகம். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். ஒன்றுமே சேர்க்காத அந்த இலைக்கு மல்லிகைக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவிலான ஒரு மணம் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

தோட்டக்காரரின் மனைவி லின் அம்மையார் இரண்டு கிலோவை நிறுத்து, காற்றை உறிஞ்சி எடுத்த வெள்ளித்தாள் பைகளில் அடைக்கப் போனார். நான் தடுத்தேன். முன்னாளில் இந்தத் தேயிலையை இரண்டு வெள்ளைக் காகிதங்களில் சதுரமாக மடித்துக் கட்டி, மேலே சிவப்பு முத்திரை குத்துவார்களாம். கட்டின வகை என்பதுதான் அதன் பெயரின் பொருளே என்று படித்திருந்தேன். அப்படியே வேண்டும் என்றேன். மகன் மொழிபெயர்த்தான்.

“காகிதம் படம் பிடிக்க நல்லது, பை தேயிலைக்கு நல்லது எண்டு சொல்லுறா, அப்பா.”

“மரபு எண்டு ஒண்டு இருக்கெண்டு சொல்லு.”

அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மகன் அதை மொழிபெயர்க்கவில்லை. பன்னிரண்டு காகிதப் பொதிகள் கட்டித் தந்தார். புறப்படும்போது சிறிய வெள்ளித்தாள் பையொன்றை என் சட்டைப்பையில் திணித்து, “இது நீங்கள் குடிக்க” என்று சைகை காட்டினார். அதை நாட்குறிப்புகள் வைக்கும் கைப்பையில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

கொழும்புக்கு வந்து ஒரு கிழமை இருந்தேன். அதற்குள் என் மனைவி பவானிக்காக மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து ஐந்து கிலோ தூள் தயார் செய்துவிட்டாள். வெளிநாட்டுக்குப் போகிற நம் ஆட்களில் பெட்டியில் இடம் விட்டுப் போனவர் யார்? முப்பது கிலோ அனுமதி என்றால் முப்பதும் நிறைய வேண்டும். காகிதப் பொதிகள் நசுங்காமலிருக்கத் தூள் பைகளைக் கீழே மெத்தைபோலப் பரப்பி, இடுக்குகளில் தேயிலையைச் செருகினேன். தராசு 29.9 காட்டியபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய் மாலை பவானி பெட்டியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அண்ணை, வீடே மணக்குது! மச்சாளின்ர கைப்பக்குவம் கைப்பக்குவம்தான்.”

எனக்குத் தனியாக ஒரு மணமும் தெரியவில்லை. ஒரு கிழமையாகத் தூள் வறுத்த வீட்டில் இருந்துவிட்டு வந்த மூக்கு.

புதன்கிழமை காலை பவானி றை என்ற தானியத்து மாவில் சுட்ட கறுத்த பாணில் வெண்ணெய் தடவி, புளிக்காடியில் ஊறிய ஹெரிங் மீனை அடுக்கித் தந்தாள். முதல் கடி அதிர்ச்சி, இரண்டாவது கடி சமாதானம். மூன்றாவது துண்டை நானாகவே கேட்டேன். பிறகு நகரத்துக்கு நடந்தோம். டென்மார்க் தட்டை நாடு என்று படித்திருந்தேன். வைலேயில் ஏறிய ஏற்றம் என் முழங்காலுக்கு மலைநாட்டு நாவலப்பிட்டியை நினைவூட்டியது. ஒரு தேநீர்க்கடை வாசலில் மூன்று குழந்தை வண்டிகள், உள்ளே தூங்கும் குழந்தைகளோடு, வெளிக்காற்றில் நின்றன. தாய்மார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினமோ?”

“ஆர் தூக்கிறது அண்ணை? அவையவைக்கு அவையவையின்ர பிள்ளையே போதும்.”

ஒரு நாட்டை வியக்க எனக்கு அந்த மூன்று வண்டிகள் போதுமாயிருந்தன.

மாலை ஐந்து மணிக்கு ஆரணி வந்தாள். கையில் வடிகட்டிய தண்ணீர்ப் போத்தல்கள் நான்கு. இந்தப் பகுதிக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பூ மணத்தை அமுக்கிவிடும் என்றாள். மேசையைத் துடைத்தாள், கையைச் சோப்பில்லாமல் கழுவினாள், வெள்ளைக் கிண்ணத்தை வைத்தாள். காகிதப் பொதியையும் சிவப்பு முத்திரையையும் பார்த்து, “மாமா, எவ்வளவு வடிவு!” என்றாள். எனக்கு மார்பு விரிந்தது.

பொதியைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். மறுபடியும் முகர்ந்தாள். அடுத்த பொதியைப் பிரித்தாள், அதற்கடுத்ததை. பன்னிரண்டையும் பிரித்துவிட்டுத் தாயிடம் டேனிஷில் மெதுவாக ஒரு வசனம் சொன்னாள்.

“என்னவாம்?” என்றேன்.

பவானி என் முகத்தைப் பார்க்கவில்லை. “கோழிக்கறி மணக்குதாம்.”

நான் ஒரு பொதியை வாங்கி முகர்ந்தேன். ஒரு நாள் வெளிக்காற்று வாங்கிய மூக்கு இப்போது பொய் சொல்லவில்லை. பெருஞ்சீரகம், வறுத்த மல்லி. எங்கோ அடியில், திரைக்குப் பின்னால் நிற்பவளைப்போல, மல்லிகை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. என் நிலையத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குப் போன காலத்தில், அந்தச் சரக்கு வண்டியில் கருவாடோ வெங்காயமோ மண்ணெண்ணெயோ ஏற்ற நான் விட்டதில்லை. தேயிலை பஞ்சுமாதிரி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் குடித்துவிடும். வண்டிக் கதவில் சோக்கட்டியால் நானே எழுதுவேன்: தேயிலை மட்டும். ஒருமுறை இரண்டு கூடை கருவாட்டை ஏற்றச் சொல்லிக் கெஞ்சிய வியாபாரியைத் தூறலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த நான்தான் இரண்டு தாள் காகிதத்தை நம்பி, தேயிலையைத் தூள்மெத்தையில் படுக்க வைத்துப் பாதி உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறேன்.

“மெல்லிய சூட்டில திருப்பி வறட்டினா வாசம் போகும்” என்றேன். அடுப்புப் பெட்டியில் ஒரு பொதியைப் பரப்பி அரைமணி நேரம் வைத்தோம். மல்லிகை போய்விட்டது. பெருஞ்சீரகம் போகவில்லை.

அப்போதுதான் கைப்பையில் கிடந்த பை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஆரணி அதன் ஓரத்தை வெட்டினாள். சமையலறைக்குள் யாரோ பூக்கூடையோடு நுழைந்ததுபோல இருந்தது. நிறுத்துப் பார்த்தாள். ஒரு சுவைப்புக்குத் தாராளமாகப் போதும், ஒரு கோடைக்காலத்துக்கு ஒரு மூலைக்கும் காணாது.

“பிறகென்ன?” என்றாள் பவானி. “நாளைக்கு இதைக் குடுத்து ஓமெண்டு சொல்ல வை. மிச்சத்தைப் பிறகு பாப்பம்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் வாயில் வந்தது. ஆரணி அந்தத் தேயிலையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கண்ணாடிப் போத்தலை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் வரை ஊறினால் போதும், கொதிநீரே தேவையில்லையாம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்த எனக்குப் பச்சைத் தண்ணீரில் தேநீர் என்பது இன்னொரு அதிசயம்.

வியாழக்கிழமை 11.18 வண்டி 11.18க்கே புறப்பட்டது. மரியாதையாக எழுந்து நிற்கலாம் போலிருந்தது. ஆரணி போத்தலை ஐஸ் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். பவானி வீட்டிலிருந்து கைபேசியில் ஒலிபெருக்கியைப் போடவைத்து அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே பின்னல் வேலை செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஊசியாலேயே சுவரைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்த படம். நாங்கள் இருந்தது அமைதிப் பெட்டி.

“உங்கள் அம்மா சொல்வது முக்கியமான விஷயம் போலிருக்கிறது. ஆனால் எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லையே” என்று அவர் சொன்னதாக ஆரணி பிறகு மொழிபெயர்த்தாள்.

ஹோர்சன்ஸ் நிலையம் தாண்டி வண்டி நின்றது. காற்றில் மரமொன்று பாதையில் விழுந்திருந்தது. நடத்துனர் ஒவ்வொரு ஆசனத்துக்கும் வந்து, தானே மரத்தை வெட்டிப் போட்டவர்போல மன்னிப்புக் கேட்டார். என் காலத்தில் மண்சரிவு வந்தால் நாங்கள் முதலில் செய்தது அறைக்கதவைப் பூட்டுவது. வண்டியைப் பின்னால் எடுத்து எங்களை இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். பேருந்தில் நெரிசல். ஆரணி போத்தலைத் தலைக்கு மேலே பிடித்து நின்றாள். யாரும் கேட்காமலே ஒரு முரட்டு இளைஞன், கழுத்தெல்லாம் பச்சை குத்தியவன், எழுந்து போத்தலுக்கு இடம் கொடுத்தான். எனக்கில்லை, போத்தலுக்கு.

ஓர்ஹூஸில் அந்த உணவகத்துச் சமையலறையை அடைந்தபோது 1.54. தலைமைச் சமையற்காரி மெட்டே உயரமான பெண், கையில் பழைய தீக்காயங்கள், பேச்சு குறைவு. கைகொடுத்ததும் வேலையில் இறங்கிவிட்டார். வெண்ணெயில் வாட்டிய வெள்ளை அஸ்பராகஸ் தண்டு, விரல்நுனி அளவு இறால்கள். ஆரணி கிண்ணத்தில் தேநீரை ஊற்றினாள். வெயிலில் பிடித்தால் மட்டும் தெரியும் இளம்பச்சை.

மெட்டே ஒரு வாய் சாப்பிட்டார், ஒரு வாய் குடித்தார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. வெண்ணெயின் கொழுப்பை அந்தத் தேநீர் சண்டை போடாமல் கழுவிக்கொண்டு போனது. பிறகு ஒரு பூ மணம் தொண்டையிலிருந்து திரும்பி வந்தது. வெறும் இலையும் தண்ணீரும் இவ்வளவு செய்யும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

“நன்றாக இருக்கிறது” என்றார் மெட்டே. எனக்காக ஆங்கிலத்தில் பேசினார். “மிக நன்றாக. உன்னிடம் எத்தனை கிலோ இருக்கிறது?”

ஆரணி பையிலிருந்து ஒரு காகிதப் பொதியை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் அதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது.

“இரண்டு கிலோ இருக்கிறது. ஆனால் இப்படி.”

மெட்டே முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. ஒருமுறை பலமாகச் சிரித்தார். “இது அருமையான இரவுச் சாப்பாடு. தேநீர் இல்லை.”

“தெரியும். நீங்கள் குடித்தது ஒரு சிறு பையில் மிஞ்சியது. இந்த வசந்தத்தில் இவ்வளவு நல்லது இனிக் கிடைக்காது, இன்று காலை கேட்டுப் பார்த்தோம், அந்தத் தோட்டத்தில் விற்று முடிந்துவிட்டது.”

மெட்டே கையைத் துடைத்துக்கொண்டு சற்று நின்றார். “அப்படியானால் கோடைக்கு நான் பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் சாறுதான் வைப்பேன்.” குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. “அடுத்த அறுவடை எப்போது?”

“குளிர்கால அறுவடை ஒன்று இருக்கிறது. நவம்பரில்.”

“அதைக் கொண்டு வா. மறுபடி சுவைக்கிறேன். வாக்குக் கொடுக்கமாட்டேன்.” பிறகு பொதியைத் தட்டிக் காட்டினார். “இதைக் காட்டினாயே, அதனால்தான் கொண்டு வரச் சொல்கிறேன்.”

வெளியே வந்து துறைமுகத்துப் பக்கம் ஒரு வாங்கில் உட்கார்ந்து பொரித்த மீன் பாண் சாப்பிட்டோம். ஆரணி அதிகம் சாப்பிடவில்லை. அலுவலகத்தை விடுவது இப்போதைக்கு இல்லை என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கடற்காகத்துக்கு ஒரு துண்டு பாணை எறிந்தாள். அது இந்த நாட்டில் செய்யக்கூடாத காரியமாம், உடனே பத்துக் காகங்கள் வந்துவிட்டன. அந்த அமளியில் சிரித்தும் விட்டாள்.

“மாமா, நவம்பரில நீங்கள் திருப்பிப் போவீங்களா தாய்வான்?”

“நானோ? என்னை நம்பியோ?”

“வேற ஆள் போனா, அவை இந்தப் பிழையை முதல்ல இருந்து விடவேணும். நீங்கள் விட்டு முடிஞ்சுது.”

அவளுடைய தமிழ் கொஞ்சம் கரடுமுரடு. எனக்கு விளங்காத இடம் ஒன்றும் இருக்கவில்லை.

பன்னிரண்டு பொதிகளையும் எறிய பவானி விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதில் ஒரு பிடியை அள்ளிப் பாலில் கொதிக்கவைத்து, சீனி போட்டு, இழுத்து ஆற்றித் தந்தாள். “இப்பதான் இது தேத்தண்ணி அண்ணை. உங்கட தாய்வான்காரருக்குச் சொல்லுங்கோ.” லின் அம்மையார் கேட்டால் மயங்கி விழுவார். தண்டனையென்று தொடங்கிய நான் இரண்டாவது கோப்பையையும் குடித்தேன் என்பதை நேர்மைக்காகப் பதிகிறேன்.

சனிக்கிழமை ஆரணி புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். பழையதின் துணி முழுக்கத் தூள் ஊறிவிட்டது, அதில் இனித் தேயிலை பயணம் செய்யாது. கூடவே ஒரு சோக்கட்டியும் தந்தாள். கறுப்பு மூடியின் உட்புறத்தில் எழுதச் சொன்னாள். எழுதினேன்: தேயிலை மட்டும்.

“நவம்பருக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு” என்று பவானி முறையிட்டாள். “தங்கச்சி வீட்டிலயிருந்து வெறும் பெட்டியோட போறதோ? மச்சாள் என்னை என்ன நினைப்பா?”

“கையில தா, கொண்டு போறன். பெட்டிக்குள்ள வேண்டாம்.”

திங்கட்கிழமை காலை 9.05, பில்லுண்ட். என் இரண்டு தோள்களிலும் பைகள்: என் உடுப்புகள், வெண்ணெய் பிஸ்கட், சீஸ், என் மனைவிக்குக் கம்பளிச் சட்டை. பெட்டியைத் தராசில் வைத்தேன். வீட்டில் நிறுத்தபோது 3.6. இங்கே 4.4 காட்டியது.

பவானி கூரையைப் பார்த்தாள்.

வரிசையிலிருந்து விலகிப் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு அதிமதுர மிட்டாய், இரண்டு பெரிய பைகள். சோம்பும் உப்பும் கலந்து, பூட்டிய உறைக்குள்ளிருந்தே மணத்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் மூடியின் எழுத்தை மெல்ல வாசித்தாள்.

“எனக்காகத்தானே இதை எழுதினனீங்கள்?”

“இல்லை பவானி. எனக்காக.”

அவள் ஒரு மிட்டாயைப் பிரித்து என் வாயில் போட்டாள். ஆரணி பெட்டியை மூடித் தராசில் திரும்ப வைத்தாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் எண்ணைப் பார்த்துவிட்டு, “ஐயா, பெட்டிக்குள் எதையாவது வைக்க மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டாள். வாயில் மிட்டாய் இருந்ததால் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு நாட்குறிப்பில் எழுதினேன்: 9.20. பெட்டி 3.6 கிலோ. உள்ளே ஒன்றுமில்லை.